ஆளோ மிசினோ

காகம் வடையைப் பறிகொடுத்த கதையை மேடையில் சொல்ல மாட்டேன் என்று நான் அறிவித்தபோது எனக்கு ஒன்பது வயது. யாரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்டிருக்கவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் கரும்பலகையில் 'கதை சொல்லும் போட்டி' என்று எழுதி, 'கதை' என்ற சொல்லுக்குக் கீழே கோடு இழுத்துக்கொண்டிருந்தா. நான் எழுந்து நின்று சொல்லிவிட்டு, அவ திரும்பிப் பார்ப்பதற்குள் உட்கார்ந்தும் விட்டேன்.

ஒஸ்லோவில் ஐந்தாம் இலக்க ரயில் போய் முடிகிற வெஸ்ட்லியில் எங்கள் வீடு. அடுக்குமாடிகளுக்கு நடுவே இருந்த நோர்வேப் பள்ளிக்கூடம் ஒன்றை எங்கள் ஆட்கள் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஆக்கியிருந்தார்கள். வருடா வருடம் மார்ச் மாதம் அங்கே கதைப் போட்டி நடக்கும். விதி ஒன்றுதான்: சுத்தத் தமிழ். இடையில் நோர்வேச் சொல் விழுந்தால் புள்ளி வெட்டுவார்கள். அந்தப் பயத்தில் பிள்ளைகள் எல்லாரும் பிறமொழிச் சொல்லே தேவைப்படாத கதைகளாகப் பார்த்துப் பிடிப்பார்கள். அப்படிப் பார்த்தால் காகமும் நரியும்தான் மிஞ்சும். முந்தின வருடப் போட்டியில் அந்த நரி தின்ற வடைகளுக்கு அதற்கு வயிறு ஊதியிருக்க வேண்டும்.

எனக்கு வேறு கதை இருந்தது. அது ஒவ்வொரு சனிக்கிழமையும் தொலைக்காட்சியில் போனது. ஜப்பான்காரர் படம் கீறி, நோர்வேக் குரல் கொடுத்த தொடர். நோர்வே வகுப்பில் அதை டெய்னபில்ம் என்றார்கள், வீட்டில் காட்டூன் என்றார்கள். இரண்டும் எனக்குக் கோபத்தைத் தரும். அதில் ஒரு தாய், இரண்டு மகன்மார். அவர்களை ஒரு பெரிய அரசாங்கம் தேடுகிறது. காரணம் அவர்களிடம் இருந்த ரோபோ. நாலு மாடி உயரம். பழைய இரும்புகளை ஊர் ஊராகப் பொறுக்கித் தமையன் செய்தது. அதன் நெஞ்சுக்குள் இருந்து ஓட்டுகிறவன் தம்பி. ஒவ்வொரு கிழமையும் அவர்கள் ஒரு புது ஊரில் ஒளிந்திருப்பார்கள். ஒவ்வொரு கிழமையும் யாராவது காட்டிக் கொடுப்பார்கள். அந்த இரும்புமலையையும் கட்டி இழுத்துக்கொண்டு திரும்பவும் வெளிக்கிடுவார்கள்.

ரோபோவைக் கொடுத்துவிட்டால் அரசாங்கம் அவர்களை விட்டுவிடும். அதைத் தொடரிலேயே பலர் அவர்களுக்குச் சொன்னார்கள். அவர்கள் கேட்கவில்லை. அந்தப் பிடிவாதம்தான் எனக்குப் பிடித்தது. பிடிவாதம் எங்கள் குடும்பத்திலும் தாராளமாக இருந்தது. ஆனால் அதை ஒரு நல்ல குணம் மாதிரிக் காட்டிய இடம் அந்தத் தொடர் ஒன்றுதான்.

ஒரே ஒரு சிக்கல். தொடர் போகிற நேரத்தில் நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். அதனால் அப்பா காலையில் வீடியோ டெக்கில் கசெற்றைப் போட்டு நேரம் வைத்துவிட்டு வருவார். பின்னேரம் நானும் அவரும் சோபாவில் இருந்து பார்ப்போம். அப்பா பஸ் ஓட்டினார். வேலை முடிந்து வந்தால் செய்தி பார்ப்பார், அதுவும் முடிவதற்குள் நித்திரையாகிவிடுவார். இந்தத் தொடருக்கு மட்டும் அவர் கண் மூடியதில்லை. என் அப்பாவுக்கு ரோபோக்கள் பிடிக்கும் என்று வகுப்பில் நான் பெருமையடித்திருக்கிறேன்.

பெப்ரவரி மாதக் கடைசியில் அந்தப் பகுதி வந்தது. குடும்பம் ஒரு பறக்கும் கப்பலில் ஏறிக் கடலைக் கடக்கிறது. பின்னால் அரசாங்கத்தின் கப்பல்கள். ரோபோவின் பாரத்தில் இவர்களுடைய கப்பல் எழும்பவில்லை. பாரம் கூடிவிட்டது, பாரம் கூடிவிட்டது என்று கப்பலின் கணினி சொல்லிக்கொண்டே இருக்கிறது. தமையன் ரோபோவின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். கப்பல் சரிகிறது. தம்பி ஓடிப்போய் ரோபோவைக் கட்டியிருந்த கொளுக்கியைக் கழற்றிவிட்டு, ஒரு கையால் தமையனைப் பிடிக்கிறான். ரோபோ கடலுக்குள் போகிறது. எல்லாரும் தப்பிவிடுகிறார்கள். கரையில் இறங்கியதும் தமையன் தம்பியைப் பார்க்காமல் நடந்து போகிறான். அதோடு அந்தப் பகுதி முடிந்தது.

நான் வாய்விட்டு அழுதுகொண்டு பக்கத்தில் பார்த்தால் அப்பா இல்லை. பல்கனியில் நின்றார். வெளியே உறைகுளிர். உடம்பில் ஜக்கெற் இல்லை, காலில் வெறும் காலுறை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் காட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது.

"வெளியில நல்ல குளிர்," என்றார். அது எனக்கும் தெரிந்ததுதான்.

அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். மேடையில் இதைத்தான் சொல்லப் போகிறேன்.

டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "காட்டூன் எல்லாம் மேடைக்குச் சரிவராது பிள்ளை. முன்னுக்கு வயசுபோன ஆக்கள் இருப்பினம். அவைக்கு விளங்கவும் வேணுமே," என்றா. விளங்கப் பண்ணுவேன் என்றேன். கதைக்கு நீதி வேண்டும், இதில் என்ன நீதி என்று கேட்டா. கடைசிப் பகுதியில் வரும் என்றேன். டீச்சர் அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தா. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவள் தகப்பன்ர பிள்ளை, ரீச்சர். சொல்லிப் பிரயோசனமில்லை," என்று வைத்துவிட்டார். அம்மா அதை முறைப்பாடாகச் சொன்னார். நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்தது சொல் தேடும் வேலை. ஜப்பான் பெயர்களுக்கும் புள்ளி வெட்டுவார்களோ என்ற பயத்தில் முதலில் பெயர்களை எல்லாம் தூக்கினேன். தாய், தமையன், தம்பி, அவ்வளவுதான். ரோபோவுக்கு டீச்சர் 'இயந்திர மனிதன்' என்று தந்தா. எனக்கு அது ஒட்டவில்லை. அது மனிதனே இல்லை, அந்தக் குடும்பத்தின் சாமான். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கிற மிசின் இருந்தது. அம்மாவிடம் தையல் மிசின் இருந்தது. நோர்வேயிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்வார்கள் என்பதால் எனக்குச் சந்தேகம் வந்து, மிசின் தமிழ்தானா என்று அப்பாவைக் கேட்டேன்.

"பின்னை? எங்கட ஊரில ஆடு மாட்டுக்கும் விளங்கிற சொல்லு," என்றார்.

ரோபோவை ஓட்டுகிறவனுக்கும் சொல் வேண்டியிருந்தது. ஓட்டி என்று சொல்லு என்றார் அப்பா. "ஓட்டுறவர் ஓட்டி. நானும் ஓட்டிதான்." கப்பலின் கணினிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். கணினி என்றால் முன்வரிசை ஆட்களுக்கு விளங்காது, அந்த இடத்திலும் ஓட்டி ஒருவரைப் போட்டுவிடு என்றார். பிறகு அந்த ஓட்டி சொல்லவேண்டிய வசனத்தையும் அவரே சொன்னார்.

"ஆளோ மிசினோ, ஒண்டைத்தான் ஏத்தலாம்."

'ஒன்றைத்தான்' என்று இருக்கவேண்டும், 'ஏற்றலாம்' என்று இருக்கவேண்டும், டீச்சர் வெட்டிவிடுவா என்று நான் திருத்தினேன். மற்ற எல்லாத் திருத்தங்களுக்கும் தலையாட்டிய அப்பா இதற்கு மட்டும் மசியவில்லை.

"அந்த வசனத்தை மாத்தாதை. அவன் அப்பிடித்தான் சொன்னவன்."

அவன் நோர்வே மொழியில் சொன்னான், அதுவும் அது கணினி, அவன் இல்லை என்று நான் விளக்கினேன். அப்பா எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

இங்கே பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் அண்ணன். ஒஸ்லோவின் தெற்கே ஹொல்ம்லியாவில் இருந்தார். கலியாணவீடுகளிலும் பள்ளிக்கூட விழாக்களிலும் காண்பேன். என்னைக் கூப்பிட்டு ஜக்கெற் பையிலிருந்து சொக்லேற் எடுத்துத் தருவார், தலையைத் தடவுவார். எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்தது கிடையாது. அப்பாவும் அவரும் ஒரே மண்டபத்தில் இருந்தால் ஒருவர் வாசல் பக்கமும் மற்றவர் மேடைப் பக்கமும் நிற்பார்கள். ஏன் பெரியப்பா வாறேல்லை என்று அம்மாவிடம் கேட்டால், ஹொல்ம்லியா தூரம் என்பார். உள்ளூர் ரயிலில் நகரத்துக்கு வந்து, ஐந்தாம் இலக்கத்தில் ஏறிக் கடைசித் தரிப்பில் இறங்கினால் எங்கள் வீடு. இடையில் ஒருமுறை மாறவேண்டும். அதைத் தூரம் என்று ஒரு பெரிய மனிதர் நினைப்பதைக் கேட்டு எனக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்தது.

தொடரின் கடைசிப் பகுதி போட்டி நடக்கும் அதே சனிக்கிழமை போகிறது என்று போட்டிக்குக் கிட்டத்தான் தெரியவந்தது. போட்டிக்குப் போகாமல் வீட்டில் இருந்து பார்க்கலாமே என்று அம்மா கேட்டார். அம்மாவுக்கு அது ஒரு வழியாகத் தெரிந்திருக்கிறது, கதையும் மேடையேறாது, டீச்சரும் சந்தோஷப்படுவா. ஆனால் ரோபோவை இழந்தும் அந்தக் குடும்பம் வழியில் நின்றுவிடவில்லை. நானா நிற்பேன்? அப்பா டெக்கில் நேரம் வைத்தார். நான் அதைத் தனியாக ஒருதரம் சரிபார்த்தேன். கம்பளிக் காலுறைக்கு மேலே பட்டுப்பாவாடையை உடுத்திக்கொண்டு, பனிக்குள் சறுக்கிச் சறுக்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம்.

நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் ஊரில் தோட்டம் செய்த கமக்காரராக இருந்து இங்கே ஓய்வூதியத்தில் இருந்த முதியவர். அடுத்தவர் தமிழ்நாட்டிலிருந்து ஆராய்ச்சி வேலைக்கு வந்திருந்த ஒரு அக்கா. யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒருவருக்கொருவர் புள்ளி போடுகிறார்கள் என்று கதை வந்ததால் பொதுவான ஆள் ஒருவர் இருக்கட்டும் என்று அவவை அழைத்திருந்தார்கள். மூன்றாவது பெரியப்பா. ஒவ்வொரு நடுவரும் ஒவ்வொரு கேள்வி கேட்கலாம்.

எனக்கு முன்னால் இரண்டு காகங்களும் ஒரு ஆமையும் போய்வந்தன. நான் ஏறினேன். மைக்கைப் பிடித்து, ஒரு மூச்சு எடுத்து, ஒரு நாட்டிலே ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள் என்று தொடங்கினேன். தமையன் பாடுபட்டு ஒரு மிசினை உண்டாக்கினார். அந்த மிசினால்தான் அந்தக் குடும்பம் வாழ்ந்தது. ஒருநாள் படைகள் அவர்களைத் தேடி வந்தன. அவர்கள் வீட்டை விட்டார்கள், வளவை விட்டார்கள், மிசினை மட்டும் விடவில்லை. அதையும் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள்.

அந்த இடத்தில் மண்டபத்தில் ஏதோ மாறியது. பின்வரிசையில் கதைத்துக்கொண்டிருந்த ஆண்கள் கதையை நிறுத்தினார்கள். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு மாமி கேத்திலைக் கையில் பிடித்தபடியே நின்றா. டீச்சர் விளங்காது என்று சொன்ன அந்த முன்வரிசைக்கு எல்லாம் விளங்குகிறது என்று எனக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. குரலை உயர்த்தினேன். கடலைக் கடக்க வந்தார்கள், ஏறினார்கள், பாரம் தாங்காமல் சரிந்தது, அப்போது ஓட்டி சொன்னார்: ஆளோ மிசினோ, ஒண்டைத்தான் ஏத்தலாம். அப்பா சொல்லித்தந்தபடி ஒரு எழுத்தும் மாற்றாமல் சொன்னேன். தமையன் மிசினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. தம்பி மிசினைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டுத் தமையனைப் பிடித்தார். எல்லாரும் கரை சேர்ந்தார்கள். ஆனால் தமையன் தம்பியோடு கதைக்கவில்லை.

நீதி சொல்லாமல் இறங்கக்கூடாது. அதனால், "இக்கதையின் நீதி இப்போது தொலைக்காட்சியில் போய்க்கொண்டிருக்கிறது. வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். நன்றி, வணக்கம்," என்று முடித்தேன்.

ஒருவரும் கை தட்டவில்லை.

எனக்கு அன்று தெரியாமல் இருந்ததை, நான் பெரியவளான பிறகு அம்மா சொன்னார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் ஊரில் மிசின் என்றால் தையல் மிசினும் இல்லை, தோய்க்கிற மிசினும் இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற, கயிறு சுற்றி இழுத்துக் கிளப்புகிற, மண்ணெண்ணெயில் ஓடுகிற நீர்ப்பம்பி. பெரியப்பா பிறருடைய வெங்காயத் தோட்டங்களில் பல வருடம் கூலிக்கு நின்று ஒன்று வாங்கினார். வீட்டில் அதற்குத்தான் முதல் மரியாதை, மழை பெய்தால் அதைத்தான் முதலில் உள்ளே தூக்குவார்கள். ஊரை விட்டு ஓடவேண்டி வந்தபோது அண்ணனும் தம்பியும் அதைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்து, கடல்நீரேரியைக் கடக்கிற வள்ளத்தில் ஏற்றினார்கள். எங்கள் ஆட்கள் வள்ளம் ஓட்டுகிறவரை ஓட்டி என்பார்கள். நடுவில் வள்ளத்துக்குள் தண்ணீர் வந்தது. ஓட்டி அந்த வசனத்தைச் சொன்னார். பெரியப்பா சாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்பா தள்ளினார்.

ஆட்கள் எல்லாரும் தப்பினார்கள். பெரியப்பா அதற்குப் பிறகு அப்பாவோடு ஒரு சொல் கதைக்கவில்லை. முகாமில் இல்லை, கொழும்பில் இல்லை. முன்னும் பின்னுமாக இருவரும் நோர்வேக்கு வந்து சேர்ந்தும் இல்லை.

மண்டபத்தில் இருந்த பெரியவர்களில் பலருக்கு இது தெரிந்திருந்தது. தெரியாதவர்களும் தாங்கள் விட்டுவந்த மிசினை நினைத்துக்கொண்டிருந்தார்கள். தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லத் தம்பி மகளை மேடையேற்றிவிட்டான் என்று நினைத்து எல்லாரும் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். வாசல் பக்கம் நின்ற அப்பா ஜக்கெற்றின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தார். நான் மட்டும், கை தட்டாதது ஏன், எங்கே நோர்வேச் சொல் விழுந்தது என்று மனதுக்குள் தேடிக்கொண்டு நின்றேன்.

முதல் கேள்வி முதியவருடையது. அவர் முன்னால் சாய்ந்து மிகவும் அக்கறையாகக் கேட்டார்.

"அது ரெண்டிஞ்சி மிசினோ, ஒண்டரை இஞ்சியோ?"

குழாயின் அளவைக் கேட்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? "இல்லைத் தாத்தா, நாலு மாடி உயரம்," என்றேன். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள், மற்றவர்கள் அவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ்நாட்டு அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ரோபோ தானேம்மா அது? அனிமே சீரீஸ்! சூப்பரா சொன்ன," என்றா. சுத்தத் தமிழ்ப் போட்டியின் நடுவருக்கு யாரும் புள்ளி வெட்டவில்லை. சபை ஏன் இப்படி இறுகிப்போய் இருக்கிறது என்று விளங்காமல் அவ இரண்டு பக்கமும் பார்த்தா. அந்த மண்டபத்தில் என் கதையைக் கதையாகக் கேட்ட ஒரே ஆள் அவதான்.

அடுத்தது பெரியப்பா. பேனையை மூடிவைத்தார்.

"ஓட்டி சொன்ன வசனத்தை உனக்கு ஆர் சொல்லித் தந்தது, பிள்ளை?"

"அப்பா," என்றேன். மற்றதெல்லாம் நான்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன். பெருமையை விட்டுக்கொடுக்க முடியுமா?

ஒரு கேள்விதான் கேட்கலாம். டீச்சர் மெதுவாகச் செருமினா. பெரியப்பா அதைக் கவனிக்காமல் இரண்டாவதையும் கேட்டார்.

"அந்தத் தமையன், பிறகாவது தம்பியோட கதைச்சவனோ?"

அவர் கேட்ட விதத்தில் எனக்கு அவரை உடனே பிடித்துப்போய்விட்டது. முடிவு தெரியாமல் நித்திரை வராமல் கிடந்த எனக்குத்தான் அந்தக் கேள்வியின் அவசரம் தெரியும்.

"தெரியாது பெரியப்பா. வீட்டை போய்ப் பாத்தால்தான் தெரியும். அப்பா டெக்கில போட்டு விட்டிருக்கிறார். நீங்களும் வாங்கோவன், பாப்பம்," என்றேன்.

அவர் தலையைக் குனிந்து எதையோ எழுதினார். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அது ஒரு காகம்.

முதல் பரிசும் காகத்துக்குத்தான் போனது. எனக்கு ஆறுதல் பரிசு, ஒரு பென்சில் பெட்டி. எனக்கு ஆறுதல் தேவைப்படவில்லை, கடைசிப் பகுதிதான் தேவைப்பட்டது. அப்பாவையும் அம்மாவையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். வழியில் இருவரும் ஒரு சொல் பேசவில்லை. ஆறுதல் பரிசு கிடைத்ததில் அவர்களுக்கும் என்னைப்போலவே கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

கசெற்றைப் பின்னுக்குச் சுற்றிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. நான்தான் கதவைத் திறந்தேன். பெரியப்பா. தொப்பியில் பனி. வருடா வருடம் எங்கள் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்து திரும்பிய மனிதர் எங்கள் கட்டடத்து மணியை அன்றுதான் முதன்முதலாக அழுத்தியிருக்கிறார். எனக்குப் பின்னால் அம்மா மூச்சை இழுத்தது கேட்டது.

"முடிவு வந்திட்டுதோ?" என்று என்னிடம் கேட்டார்.

இப்போதுதான் போடப் போகிறேன், கெதியாக வாங்கோ என்றேன். அவர் சப்பாத்தைக் கழற்றி எங்களுடையவற்றுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தார். அம்மா, "வாங்கோ, இருங்கோ," என்றுவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார். அப்பா சோபாவின் ஒரு பக்கத்தில் இருந்து எழும்பி, நின்று, திரும்பவும் இருந்தார். பெரியப்பா மறுபக்கத்தில் இருந்தார். நடுவில் நான். பொத்தானை அழுத்தினேன்.

பனிச்சறுக்கு ஓட்டம் வந்தது.

நோர்வேயில் அந்த மாதத்தில் பனிச்சறுக்குப் போட்டி நீண்டுபோனால் மற்ற நிகழ்ச்சிகள் எல்லாம் பின்னால் தள்ளப்படும். அதை எங்கள் டெக் அறியாது. அது அப்பா வைத்த நேரத்துக்கு எழும்பி, அப்பா வைத்த நேரத்துக்கு அணைந்திருக்கிறது. இறுக்கமான உடுப்புப் போட்ட ஆட்கள் காட்டுக்குள்ளால் தடியூன்றிப் போய்க்கொண்டே இருந்தார்கள். அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்தினார். எனக்கு இரத்தம் கொதித்தது. முன்னுக்குச் சுற்றலாம் என்று கையை நீட்டினால் இரண்டு பெரிய மனிதர்களும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சுற்றவேண்டாம் என்று அப்பா கையால் காட்டினார். அரசாங்கத்தின் கப்பல்கள் துரத்தும்போதுகூட அவர் இவ்வளவு கவனமாகப் பார்த்தது இல்லை.

நெடுநேரம் அப்படியே இருந்தோம். பிறகு பெரியப்பா திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஆர் முன்னுக்கு?"

என்னைக் கேட்கிறார் என்று நினைத்தேன். எனக்குத் தெரியவில்லை.

"நோர்வே, அண்ணை," என்றார் அப்பா. அந்தக் குரல் அவருடையது மாதிரியே இல்லை.

குசினியில் ஏதோ கீழே விழுந்து உருண்டது.

ஒருவழியாக ஓட்டம் முடிந்து, கொடிகளை ஆட்டி முடித்து, தொடரின் பாட்டு வந்தது. நான் எழும்பித் திரைக்கு முன்னால் நிலத்தில் இருந்துகொண்டேன். கடற்கரை. காற்று. ஒருவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தனியாக நிற்கிறான்.

"கரையில நிக்கிறது ஆர்?" என்று பெரியப்பா கேட்டார்.

"தமையன்."

"பின்னால வாறது?"

"தம்பி."

தம்பி மணலில் நடந்து வந்தான். தமையனுக்குப் பின்னால் வந்து நின்றான். தமையனின் தோள் அசைந்தது, முகம் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியது. திரை கறுத்துப் புள்ளி புள்ளியாக இரைந்தது. அப்பா வைத்த நேரம் முடிந்துவிட்டது.

நான் போட்ட சத்தத்தை அடுத்த மாடிக்காரர் கேட்டிருப்பார்கள். அந்தத் தொடரைத் திரும்பப் போடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மிசின் கடலுக்குள் கிடக்கிறது, அதை எடுக்கவேண்டும், கடைசியில் கட்டாயம் எடுத்திருப்பார்கள், இனி நான் அதை எப்படிப் பார்ப்பேன் என்று நிலத்தில் கிடந்து அழுதேன். பெரியப்பா குனிந்து என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். சொக்லேற் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் பையில் கை வைக்கவில்லை.

"கிடக்கட்டும் பிள்ளை," என்றார். "உப்புத்தண்ணிக்குள்ள கிடந்தது. இனி எடுத்தாலும் ஸ்ராட் வராது."

"கயிறு அறுமட்டும் இழுத்தாலும் வராது, அண்ணை," என்றார் அப்பா.

பெரியப்பா சிரித்தார். வயிறு குலுங்கியது, மடியில் இருந்த நானும் குலுங்கினேன். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார், விரல்களுக்கு நடுவே தண்ணீர் வந்தது. அவ்வளவு சிரிக்கிறதற்கு அதில் ஒன்றும் இல்லை. நாலு மாடி உயரமான ரோபோவைக் கயிறு இழுத்து ஸ்ராட் பண்ணுகிறார்களாம். இத்தனை கிழமை பக்கத்தில் இருந்து பார்த்த அப்பாவுக்கே ரோபோவைப் பற்றி ஒரு மண்ணும் விளங்கவில்லை. முடிவு கேட்டுப் பனிக்குள் நடந்துவந்த பெரியப்பாவோ, முடிவில்லாமலே திருப்தியாக இருக்கிறார். இந்த ஆட்களை நம்பி மேடையேறினேனே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மடியிலிருந்து இறங்கி, காலை அடித்து அடித்துக் குசினிக்குப் போனேன்.

அம்மா மூன்று தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டு, கொண்டுபோகாமல், அலமாரியில் தலையை முட்டுக்கொடுத்து விக்கி விக்கி அழுதுகொண்டு நின்றார். நான் ஓடிப்போய் அவருடைய இடுப்பைக் கட்டிக்கொண்டேன். கடைசிப் பகுதி போய்விட்டதே என்று வருந்த அந்த வீட்டில் என்னைத் தவிர ஒரு ஆளாவது இருந்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.